ஊதா ஜன்னல்

வந்தபோது ஒரே ஓர் இலை.
மூன்றாம் மாடி ரஃப்காத்
ஆம்புலன்ஸ் ஓட்டிக் களைத்த கையால்
கைப்பிடி உடைந்த கோப்பையில் நட்டுக் கொடுத்தான்.
"சளி பிடித்தால் மூக்கில் ஒரு சொட்டு, தாயிசியா.
ஏழு தும்மல். எட்டாவதில் நீ புது ஆள்."
ஒன்பது தும்மினேன். சளி போகவில்லை.
செடியும் போகவில்லை.

அழகுதான், அதில் பொய் இல்லை.
சாம்பல்பச்சை இலை, அடியில் புலிவரி,
ஓரம் முழுக்கப் பல்,
பல்லுக்குப் பல் ஒரு குட்டி,
விழுமுன்பே வேர்விட்டுத்
தயாராய் நிற்கும் குட்டி.
தொட வேண்டாம்.
பூனை பக்கத்தில் சோம்பல் முறித்தால் போதும்,
கொட்டும்.

முதல் குளிர்காலத்தில் ஜெரேனியம் தொட்டி போயிற்று.
பிறகு எலுமிச்சை.
ஹீட்டர் இடுக்குத் தூசியில் மூன்று,
கம்பளத்து நூல்களுக்குள் ஒன்று,
என் பூட்ஸில் ஒன்று.
அது கொதிகலன் அறைவரை வந்து
என்னோடு இரவு ஷிப்ட் பார்த்தது.

பிடுங்கிக் குப்பைக்கூடையில் போட்டால்
கூடைக்குள்ளேயே நிமிர்ந்தது.
ஒருநாள் கோபத்தில் ஜன்னல் திறந்து வீசினேன்.
மைனஸ் முப்பத்தெட்டு.
தரை தொடுமுன் கண்ணாடியாகிச்
சத்தமில்லாமல் பனிக்குள் போயின.
வோர்குதாவில் அதன் ராஜ்ஜியத்துக்கு
ஜன்னல்தான் எல்லை.

டிசம்பரில் இங்கே சூரியன் வேலைக்கு வராது.
செடிக்கென்று ஊதா விளக்கு வாங்கினேன்
(ஏன் வாங்கினேன் என்று கேட்காதீர்கள்).
இருண்ட கட்டடத்தில் ஒரே ஒரு ஊதாச் சதுரம்.
பேருந்து ஓட்டும் ஸவேலி
அதைப் பார்த்துத்தான் பிரேக் போடுகிறான்.
நிறுத்தத்தின் பலகையைப்
போன புயல் கொண்டுபோய்விட்டது.

சுரங்கம் மூடிய வருஷம் எங்கள் கட்டடத்தில்
நாற்பத்தொரு வீட்டில் ஆள்.
மறு வருஷம் பத்தொன்பது.
இப்போது ஆறு.
போகிறவர்கள் சாவியைத் தந்து போனார்கள்.
"வீடு விற்கும்வரை தொட்டிக்குத் தண்ணீர் ஊற்று."
இங்கே யார் வீடு வாங்குகிறார்கள்?
ஊற்றினேன்.
ஒரு சாவி, இரண்டு சாவி, பதினான்கு சாவி.
சத்தியமாய் நான் எங்கேயும் எதையும் நடவில்லை.
கம்பளிச் சட்டையின் கை நீளம், அவ்வளவுதான்.

நெல்லி அர்காதியெவ்னா
தெற்கே கடலோரத்திலிருந்து வீடியோவில் வந்தாள்.
"என் வயலட் எப்படி இருக்கிறது?"
போனைத் தொட்டிமேல் பிடித்தேன்.
வயலட் எந்தப் பக்கம் இருந்ததென்று
எனக்கே மறந்திருந்தது.
"அடேயப்பா, என்னமாய்த் தழைத்திருக்கிறது!"
அவள் கண்ணாடி போட்டிருக்கவில்லை.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

அக்டோபரில் காகிதம் வந்தது.
இரண்டாம் நுழைவாசலில் ஆள் இல்லை,
சூட்டை நிறுத்தவும்.
நிறுத்த வேண்டிய கை என்னுடையது.
முந்தின இரவு வாளியோடு ஏறினேன்
வயலட்டை, பெரணியை, அவரவர் செடியை மீட்க.
ஏழு வீடு, முப்பது தொட்டி.
எல்லாவற்றிலும் இதுதான்.
என் ஜன்னலில் பார்த்த அதே முகம்,
வெவ்வேறு திரைச்சீலைக்குப் பின்னால்.
வாளியைக் காலியாகவே இறக்கினேன்.

அடித்தளத்து வால்வு துரு.
இரண்டு கையாலும் திருகினேன்.
குழாய்கள் மேலிருந்து கீழாக
ஒவ்வொரு மாடியாய்த் தட்டி அடங்கின.
நான்கு நாள் கழித்துப் போய்ப் பார்த்தபோது
இலையெல்லாம் வெந்த கீரை.
எத்தனை வருஷமாய் நான் கேட்டது இது!
துடைப்பத்தை எடுத்தவள்
சுவரில் சாய்த்துவிட்டு வெளியே வந்தேன்.

இரவு உஃபாவுக்குப் போன் போட்டேன்.
ரஃப்காத் சிரித்தான், இருமினான், மறுபடி சிரித்தான்.
"அது இன்னும் இருக்கிறதா?
என் வீட்டைவிட்டு ஒழியட்டும் என்றுதானே
உன்னிடம் தள்ளினேன்!
அந்தத் தும்மல் கணக்குகூட
படியிறங்கும்போது யோசித்ததுதான்."

மேசையில் உறை, தபால்தலை.
விளக்கடியில் நல்ல இலையாய்ப் பார்த்து ஒன்று,
ஓரத்தில் பதினேழு குட்டி.
எண்ணித்தான் வைத்தேன்.
உஃபாவுக்குக் கடிதம் போக பதினொரு நாள்.
தண்ணீர் கேட்காது, வெளிச்சம் கேட்காது.
உறையின்மேல் அவன் பேரை எழுதி
எச்சில் தொட்டு ஒட்டினேன்.
வாங்கிப் பிரிக்கட்டும்.